வாடகை ஒப்பந்தத்தில் மின் கையொப்பம்: வீட்டு உரிமையாளர்கள் அறிய வேண்டியவை

(நமது அறக்கட்டளையின் மாதாந்திர சட்ட விழிப்புணர்வுக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 இன்று நாம் எடுத்துக்கொண்டிருக்கும் தலைப்பு சிலருக்கு வியப்பாக இருக்கலாம். கல்வி உதவி, மருத்துவ உதவி, திருமண உதவி என்று பேச எத்தனையோ இருக்க, வாடகை ஒப்பந்தத்தில் கையொப்பமிடுவதைப் பற்றி ஒரு கூட்டமா என்று கேட்கலாம். காரணம் இருக்கிறது. நமது அலுவலகத்திற்குக் கைப்பேசியைத் தூக்கிக்கொண்டு வருபவர்கள் கூடிக்கொண்டே போகிறார்கள். "வாடகைக்கு வர்றவங்க ஒரு லிங்க் அனுப்பியிருக்காங்க, ஆதார் நம்பர் போட்டு ஓடிபி போடச் சொல்றாங்க, போடலாமா?" என்பதுதான் அவர்கள் கேள்வி.

கேட்பவர்கள் யார் என்று பாருங்கள். கணவரை இழந்து, மாடி போர்ஷனை வாடகைக்கு விட்டு அதில் காலம் தள்ளும் தாய்மார்கள். ஓய்வூதியம் இல்லாத பெரியவர்கள். சவூதியிலும் துபாயிலும் இருபது வருடம் உழைத்து இங்கே ஒரு வீடு கட்டி, அதன் வாடகையைப் பெற்றோரின் மருந்துச் செலவுக்கு ஒதுக்கியிருக்கும் சபுராளிகள். இவர்களுக்கு வாடகை என்பது உபரி வருமானம் அல்ல. ஒரு வீட்டின் வாடகை நான்கு மாதம் நின்றுவிட்டால் அந்தக் குடும்பம் ஐந்தாம் மாதம் நம் வாசலில் உதவிக்கு நிற்கிறது. அதனால்தான் இதுவும் சமுதாய நலப் பணி என்று நாம் கருதுகிறோம்.

எழுதிக்கொள்வது அவநம்பிக்கை அல்ல

முதலில் ஒரு தயக்கத்தைத் தீர்த்துக்கொள்வோம். "நம்ம ஆளுதானே, எழுத்து எதுக்கு? எழுதச் சொன்னா சந்தேகப்படுற மாதிரி இருக்காதா?" என்று சிலர் சொல்கிறார்கள். திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் எதைப் பற்றிப் பேசுகிறது என்பதை ஆலிம்கள் இங்கே பலமுறை விளக்கியிருக்கிறார்கள். அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம் அது. கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பதையும், நேர்மையான எழுத்தரையும், சாட்சிகளையும் பற்றியே அது பேசுகிறது. தொகை சிறிதோ பெரிதோ, எழுதச் சலிப்படையக் கூடாது என்கிறது. எழுதுவது அவநம்பிக்கையின் அடையாளம் அல்ல. நாளை இருவர் மனதிலும் சந்தேகம் வராமல் காக்கும் வேலி. எழுதுகோல் மாறியிருக்கிறது, கடமை மாறவில்லை.

மின் கையொப்பம் செல்லுமா?

செல்லும். 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் மின் கையொப்பத்திற்குச் சட்ட அங்கீகாரம் தருகிறது. மின்வழியில் உருவானது என்ற ஒரே காரணத்திற்காக ஓர் ஒப்பந்தத்தைச் செல்லாது என்று சொல்ல முடியாது என்று அதே சட்டத்தின் 10ஏ பிரிவு கூறுகிறது.

ஆனால் மின் கையொப்பம் என்று மக்கள் சொல்வதெல்லாம் மின் கையொப்பம் அல்ல. வெள்ளைத்தாளில் கையெழுத்துப் போட்டு, அதைப் படம் பிடித்து, ஒப்பந்தத்தின் அடியில் ஒட்டி வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள். கைப்பேசித் திரையில் விரலால் கிறுக்கி அனுப்புகிறார்கள். நாளை வாடகைதாரர் "அது நான் போட்டதல்ல, யாரோ ஒட்டியது" என்றால், அது அவருடையதுதான் என்று நிரூபிக்கும் பாரம் முழுவதும் நம் தலையில் விழும். படத்தை யார் வேண்டுமானாலும் வெட்டி ஒட்டலாம் அல்லவா?

சட்டம் தனியே அங்கீகரிக்கும் முறைகள் இரண்டு. ஒன்று, யூஎஸ்பி டோக்கனில் வரும் டிஜிட்டல் கையொப்பச் சான்று. ஆடிட்டர்களும் நிறுவனங்களும் பயன்படுத்துவது அது. மற்றொன்று, ஆதார் வழி இ-சைன். நம்மைப் போன்ற வீட்டுக்காரர்களுக்கு இதுவே போதும். மத்திய அரசின் சான்றளிப்புக் கட்டுப்பாட்டாளரிடம் உரிமம் பெற்ற அமைப்புகள் மட்டுமே இந்தச் சேவையைத் தர முடியும். நாம் ஆதார் எண்ணைத் தந்து, ஆதாரில் இணைத்திருக்கும் கைப்பேசிக்கு வரும் ஓடிபியைப் பதிந்தவுடன், நம் பெயரில் ஒரு குறுகிய நேரச் சான்று உருவாகி, அந்தக் கோப்பின் மீது பூட்டு போட்டதுபோல் பதிந்துவிடுகிறது. அதன்பின் கோப்பில் ஓர் எழுத்தை மாற்றினாலும் அந்தக் கையொப்பம் பழுதானதாகக் காட்டிக் கொடுக்கும். முத்திரைத்தாளில் நடுப்பக்கத்தை உருவிவிட்டு வேறு பக்கம் சொருகும் பழைய தில்லுமுல்லு இதில் நடக்காது. இது இதன் பெரிய நன்மை.

அதே சமயம் ஒன்றை மறந்துவிடக் கூடாது. அந்த ஓடிபி வங்கி ஓடிபியைப் போன்றதுதான். அதைப் பதிவது என்பது பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போடுவதுதான். தரகர் கேட்டார், நெட் சென்டர் தம்பி கேட்டார், மருமகன் கேட்டார் என்று ஆறு இலக்கத்தைச் சொல்லிவிட்டால், வெற்றுத்தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததற்குச் சமம். பிறருடைய மின் கையொப்பத்தை மோசடியாகப் பயன்படுத்துவோருக்கு மூன்று ஆண்டு வரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. ஆனால் தண்டனை கிடைப்பது பிறகு. அலைச்சல் நமக்கு முதலில்.

கையொப்பத்திற்கு முன் செய்ய வேண்டியவை

ஒப்பந்தத்தைக் கைப்பேசித் திரையில் படிக்காதீர்கள். பிரிண்ட் எடுத்து, கண்ணாடி போட்டுக்கொண்டு, ஒவ்வொரு பக்கமாகப் படியுங்கள். ஆங்கிலத்தில் இருந்தால், தெரிந்தவரிடம் கொடுத்துத் தமிழில் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். நமது அலுவலகத்திற்குக் கொண்டுவந்தாலும் படித்துச் சொல்கிறோம்.

ஏன் இதை வற்புறுத்துகிறோம்? இணையத்தில் கிடைக்கும் மாதிரிகள் பல வேறு மாநிலங்களுக்காக எழுதப்பட்டவை. "வழக்கு வந்தால் பெங்களூரு நீதிமன்றத்தில்" என்று ஒரு வரி இருக்கும். நம் ஊர் வீட்டுக்கு பெங்களூரு எதற்கு? மும்பையில் இருக்கும் உறவினர்கள் "நாங்க லீவ் அண்ட் லைசென்ஸ் போட்டு வீட்டிலிருந்தே ரெஜிஸ்டர் பண்ணிட்டோம்" என்பார்கள். அது மகாராஷ்டிர மாநிலச் சட்டத்தின்படி அமைந்த ஏற்பாடு. அங்கே வாடகை ஒப்பந்தத்தைப் பதிவு செய்வது வீட்டு உரிமையாளரின் பொறுப்பு, அதற்கு இணையவழிப் பதிவும் உண்டு. அந்தப் படிவத்தை அப்படியே எடுத்துத் தமிழ்நாட்டில் பயன்படுத்தக் கூடாது.

அடுத்து, பெயர். நம் சமுதாயத்தில் இது பெரிய தலைவலி. ஒரே மனிதருக்கு ஆதாரில் ஒரு முகம்மது, பத்திரத்தில் ஒரு முஹம்மத், பாஸ்போர்ட்டில் இன்னொரு முகமது. ஆங்கில எழுத்துகளில் நான்கு விதம். இன்ஷியல் ஒன்றில் முன்னால், ஒன்றில் பின்னால், ஒன்றில் இல்லவே இல்லை. இ-சைனில் பதிவாவது ஆதாரில் உள்ள பெயர். ஒப்பந்தத்தில் வேறு பெயர் இருந்தால் இருவரும் ஒருவர்தானா என்ற கேள்வி எழும். ஆகவே ஆதாரில் உள்ளபடியே ஒப்பந்தத்தில் பெயரை எழுதுங்கள். வீட்டுப் பத்திரத்தில் வேறு விதமாக இருந்தால், "பத்திரத்தில் இன்னவாறு குறிக்கப்பட்டவரும் இவரே" என்று ஒரு வரி சேருங்கள். வாடகைதாரரின் பெயரையும் இப்படியே சரிபாருங்கள்.

பிறகு பணம் சம்பந்தப்பட்ட வரிகள். மாத வாடகை எவ்வளவு, எந்தத் தேதிக்குள், எந்தக் கணக்கில்? முன்பணம் எவ்வளவு, எப்போது திரும்பத் தரப்படும்? கரண்ட் பில் வாரியக் கணக்கின்படியா, சப்-மீட்டர் கணக்கின்படியா, யூனிட்டுக்கு எவ்வளவு? தண்ணீர், மோட்டார், மாடிப்படி விளக்கு யார் பொறுப்பு? காலி செய்ய எத்தனை மாத அறிவிப்பு? சண்டை வருவது பெரும்பாலும் வாடகையில் அல்ல, எழுதாமல் விட்ட இந்தச் சில்லறை விஷயங்களில்தான்.

முத்திரைத்தாள் என்ன ஆயிற்று?

"கையெழுத்தே ஆன்லைன்ல போட்டாச்சு, இனி ஸ்டாம்ப் பேப்பர் எதுக்கு?" என்று கேட்கிறார்கள். கையொப்பம் வேறு, முத்திரைத் தீர்வை வேறு. முன்னது யார் ஒப்புக்கொண்டார் என்பதற்கு. பின்னது அரசுக்குச் சேர வேண்டியது. தீர்வை செலுத்தாத ஆவணத்தை, அந்தத் தொகையையும் தண்டத்தையும் கட்டும் வரை நீதிமன்றம் சான்றாக ஏற்காது. தண்டம் பத்து மடங்கு வரை போகலாம்.

மின் கையொப்பத்திற்குப் பொருத்தமானது இ-ஸ்டாம்ப். ஸ்டாக் ஹோல்டிங் கார்ப்பரேஷன் வழியாகக் கிடைக்கும் அந்தச் சான்றில் தனி எண் இருக்கும். அந்த எண்ணை அவர்களின் இணையதளத்தில் பதிந்து உண்மையானதா என்று நாமே பார்த்துக்கொள்ளலாம். அதில் முதல் தரப்பு, இரண்டாம் தரப்பு பெயர்கள் சரியாக உள்ளனவா என்று கவனியுங்கள். முக்கியமான விஷயம் வரிசை. இ-ஸ்டாம்ப் முதலில், கையொப்பம் பிறகு. முத்திரைத் தீர்வை கையொப்பத்திற்கு முன்போ கையொப்பமிடும்போதோ செலுத்தப்பட்டிருக்க வேண்டும் என்பது சட்டம். தொழில்நுட்பக் காரணமும் உண்டு: கையொப்பமிட்ட கோப்பில் பிறகு ஒரு பக்கத்தைச் சேர்த்தால் பூட்டு உடைந்த கதைதான். தீர்வை எவ்வளவு என்பதை வாடகை, முன்பணம், காலம் ஆகியவற்றை வைத்துக் கணக்கிட வேண்டும். தரகர் சொல்லும் தொகையை நம்பாமல் சார்பதிவாளர் அலுவலகத்திலோ வழக்கறிஞரிடமோ கேட்டுச் செய்யுங்கள்.

கையொப்பத்தோடு வேலை முடியவில்லை

பலர் கோட்டை விடும் இடம் இது. தமிழ்நாட்டில் 1960ஆம் ஆண்டின் பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் போய், 2017ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட, நில உரிமையாளர்கள் மற்றும் வாடகைதாரர்களின் உரிமைகள், பொறுப்புகள் குறித்த புதிய சட்டம் 22.2.2019 முதல் நடைமுறைக்கு வந்துவிட்டது. இதன்படி நகர்ப்புறங்களில் வீட்டை வாடகைக்கு விடுபவர் எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் செய்ய வேண்டும். அதை வாடகை அதிகார அமைப்பிடம் 90 நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டும். அந்தப் பொறுப்பில் இருப்பவர் துணை ஆட்சியர் நிலையிலான அதிகாரி. அரசின் வாடகைப் பதிவு இணையதளத்தில் இரு தரப்பின் விவரங்களையும் பதிந்து ஒப்பந்தக் கோப்பை ஏற்றினால், ஒரு பதிவு எண் கிடைக்கும். அந்த எண் கிடைத்த பிறகுதான் வேலை முடிந்தது.

"பதினோரு மாசம்தானே போட்டிருக்கோம், பதிவு வேண்டாம்னு சொன்னாங்களே?" என்பார்கள். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் கட்டாயம் பதிய வேண்டும் என்று 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம் சொல்கிறது. அதைத் தவிர்க்க வந்ததுதான் இந்தப் பதினோரு மாத வழக்கம். வாடகை அதிகாரியிடம் செய்யும் பதிவு அதிலிருந்து வேறுபட்டது. பதினோரு மாத ஒப்பந்தத்திற்கும் அது தேவை. அந்தப் பதிவு இல்லாவிட்டால், நாளை வாடகை பாக்கிக்கோ வீட்டைத் திரும்பப் பெறவோ போய் நிற்கும்போது நம் கையில் இருக்கும் ஒப்பந்தம் வலுவிழந்து நிற்கும்.

வக்ஃப் சொத்துகளைக் குத்தகைக்கு விடுவதற்குத் தனி விதிகள் உள்ளன. பள்ளிவாசல் நிர்வாகத்தில் உள்ளவர்கள் நாம் இங்கே சொல்வதை அந்தக் கட்டடங்களுக்குப் பொருத்திப் பார்க்க வேண்டாம். அதற்கு வக்ஃப் வாரியத்தையே அணுகுங்கள்.

மின்வழியில் செய்யக் கூடாதவை

ஆதார் இ-சைன் எளிதாக இருக்கிறது என்பதற்காக எல்லாவற்றையும் அதில் முடிக்கப் பார்க்கிறார்கள். தகவல் தொழில்நுட்பச் சட்டம் சில ஆவணங்களை வெளியே நிறுத்தியிருக்கிறது. உயில், அதாவது வஸிய்யத், மின்வழியில் செல்லாது. அறக்கட்டளைப் பத்திரமும் அப்படியே. அதிகாரப் பத்திரம் எனும் பவர் ஆஃப் அட்டர்னியும், வங்கி போன்ற ஒழுங்குமுறைக்கு உட்பட்ட நிறுவனங்களுக்குத் தருவதைத் தவிர, இதில் அடங்காது. இவற்றுக்குப் பேனாவும் தாளும் சாட்சிகளும்தான்.

போக்கியத்தையும் இங்கே சொல்லிவிடுகிறோம். மொத்தமாக ஐந்து லட்சம், எட்டு லட்சம் வாங்கிக்கொண்டு வாடகை இல்லாமல் வீட்டைக் கொடுப்பதை 'லீஸ்' என்று பெயரிட்டு, வாடகை ஒப்பந்தப் படிவத்திலேயே இ-சைன் போடுகிறார்கள். சட்டத்தின் பார்வையில் போக்கியம் என்பது அடமானம். அதைப் பத்திரப்பதிவு செய்ய வேண்டும். படிவத்தின் தலைப்பை மாற்றுவதால் அது வாடகை ஆகிவிடாது. கொடுத்த பணத்திற்குப் பகரமாக வீட்டை அனுபவிப்பது மார்க்கத்தில் எப்படி என்பதையும் ஆலிம்களிடம் கேட்டுத் தெளிந்த பிறகே அதில் இறங்குங்கள்.

வெளிநாட்டில் இருக்கும் உரிமையாளர்களுக்கு

ஆதாரில் இணைத்த இந்திய சிம் ரோமிங்கில் உயிரோடு இருந்து ஓடிபி வந்தால், அங்கிருந்தபடியே கையொப்பமிடலாம். சிக்கல் என்னவென்றால், பலருடைய அந்த எண் ரீசார்ஜ் செய்யப்படாமல் செத்துப் பல வருடம் ஆகியிருக்கும். சிலருடைய எண்ணை வேறு யாரோ பயன்படுத்திக்கொண்டிருப்பார்கள். விடுமுறைக்கு வரும்போது முதல் வேலையாக ஆதார் மையத்தில் எண்ணைச் சரிசெய்து கொள்ளுங்கள்.

முடியாவிட்டால் வாப்பாவோ தம்பியோ கையொப்பமிடலாம். ஆனால் உங்கள் ஓடிபியை வாங்கி உங்களைப் போல அல்ல. நீங்கள் இந்தியத் தூதரகத்திலோ துணைத் தூதரகத்திலோ சான்றொப்பம் பெற்ற அதிகாரப் பத்திரத்தை அனுப்ப வேண்டும். அது இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதத்திற்குள் இங்கே முத்திரைத் தீர்வை செலுத்தப்பட வேண்டும். அதன்பின் தம்பி தன் சொந்த ஆதாரில், 'இன்னாருக்காக அதிகாரம் பெற்ற முகவர்' என்ற நிலையில் கையொப்பமிடுவார். ஒப்பந்தத்திலும் அப்படியே எழுதப்பட வேண்டும்.

வரி விஷயமும் உண்டு. வெளிநாட்டில் வசிப்பவருக்கு வாடகை கொடுப்பவர் வருமான வரியைப் பிடித்தம் செய்து கட்டிவிட்டு மீதியைத்தான் தர வேண்டும். அடிப்படை விகிதம் 30 சதவீதம், அதன்மேல் செஸ். வாடகைதாரருக்கு இது தெரியாமல் போனால் பிடிக்காத வரிக்கு அவர்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும். ஆகவே உரிமையாளர் வெளிநாட்டில் வசிப்பவர் என்பதை ஒப்பந்தத்தில் மறைக்காதீர்கள். கூடுதலாகப் பிடித்திருந்தால் கணக்குத் தாக்கல் செய்து திரும்பப் பெறலாம். குறைந்த பிடித்தத்திற்கு முன்கூட்டியே வருமான வரித்துறையிடம் சான்று கேட்கவும் வழி உண்டு.

உரிமையாளர் என்று கையொப்பமிடுவது யார்?

இந்தக் கேள்வியை நாம் கொஞ்சம் அழுத்தமாகவே கேட்கிறோம். வாப்பா மவ்த்தாகி ஆண்டுகள் ஆகியும் பாகம் பிரிக்கப்படாத வீடுகள் நம் மஹல்லாவில் எத்தனை? உம்மாவுக்கு எட்டில் ஒரு பங்கு, மீதியில் மகனுக்கு இரண்டு, மகளுக்கு ஒன்று என்று மார்க்கம் வகுத்தது வீட்டின் மதிப்புக்கு மட்டுமா, மாதா மாதம் வரும் வாடகைக்கு இல்லையா? ஆனால் நடப்பது என்ன? மூத்தவர் ஒருவர் தன் ஆதாரைப் போட்டு, 'இவ்வீட்டின் முழு உரிமையாளர்' என்று கையொப்பமிட்டு, வாடகையைத் தன் கணக்கில் வாங்கிக்கொள்கிறார். முன்பு முத்திரைத்தாள் வாங்க நாலு பேர் கூடுவார்கள், விஷயம் வெளியே தெரியும். இப்போது ஒரு அறைக்குள் உட்கார்ந்து ஐந்து நிமிடத்தில் முடித்துவிடலாம். கல்யாணம் ஆகிப் போன சகோதரிக்குத் தெரியவே தெரியாது.

பாகம் பிரியாத வீடென்றால் எல்லா வாரிசுகளும் உரிமையாளர்களாக ஒப்பந்தத்தில் வரட்டும். மின் கையொப்பத்தில் இதற்கு வசதி இருக்கிறது. ஒருவர் சென்னையில், ஒருவர் கோயம்புத்தூரில், ஒருவர் தோஹாவில் இருந்தாலும் ஒரே கோப்பில் ஒருவர்பின் ஒருவராகக் கையொப்பமிடலாம். அல்லது மற்றவர்கள் ஒருவருக்கு முறைப்படி அதிகாரம் கொடுக்கட்டும். யார் பங்கு எவ்வளவு, எந்தக் கணக்கில் என்பதையும் குடும்பத்திற்குள் எழுதி வையுங்கள். பங்கைப் பெறும் உரிமை கேட்டால்தான் வரும் என்பதல்ல. கேட்காத சகோதரியின் ஹக்கும் ஹக்குதான்.

மோசடிகள்

வீடு வாடகைக்கு என்று இணையத்தில் விளம்பரம் கொடுத்த சில நிமிடங்களில் அழைப்பு வரும். "ராணுவத்தில் இருக்கிறேன், உங்கள் ஊருக்கு மாற்றல், வீட்டைப் பார்க்கத் தேவையில்லை, இப்போதே அட்வான்ஸ் அனுப்புகிறேன்" என்பார். அடையாள அட்டைப் படமும் அனுப்புவார். பிறகு ஒரு கியூஆர் கோடு வரும், "ஸ்கேன் பண்ணி பின் போடுங்க, பணம் வந்துடும்" என்பார். பணம் வராது, போய்விடும். பணம் பெறுவதற்கு ஸ்கேன் செய்யவோ பின் எண் போடவோ தேவையே இல்லை என்பதை வீட்டில் உள்ள எல்லோருக்கும் சொல்லி வையுங்கள். ஏமாந்தால் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள்.

ஆளைப் பார்க்காமல் ஒப்பந்தம் போடாதீர்கள். மின் கையொப்பம் இந்த ஆதாருக்குரியவர் ஒப்புக்கொண்டார் என்று சொல்லுமே தவிர, அவர் எப்படிப்பட்டவர் என்று சொல்லாது. வேலை செய்யும் இடம், முன்பு குடியிருந்த வீடு ஆகியவற்றை விசாரியுங்கள். காவல் நிலையத்தில் வாடகைதாரர் விவரம் தரச் சொல்லியிருந்தால் அதையும் செய்துவிடுங்கள். நம் ஆதார் நகலை எவருக்கும் கொடுக்க நேர்ந்தால் கடைசி நான்கு எண் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதாரைக் கொடுங்கள். ஆதார் எண்ணுக்குப் பதிலாக 16 இலக்க மெய்நிகர் எண்ணையும் பயன்படுத்தலாம். ஆதார் குறித்த சந்தேகங்களுக்கு 1947 என்ற எண் இருக்கிறது.

கோப்பைப் பத்திரப்படுத்துதல்

கையொப்பமிட்ட ஒப்பந்தத்தின் அசல் எது? பிரிண்ட் அல்ல, அந்தப் பிடிஎஃப் கோப்புதான். கையொப்பம் கோப்பின் உள்ளே இருக்கிறது. பிரிண்டில் தெரிவது அதன் நிழல். ஆகவே கோப்பை மின்னஞ்சலில் ஒரு பிரதி, பென்டிரைவில் ஒரு பிரதி, நம்பிக்கையான மகனிடமோ மகளிடமோ ஒரு பிரதி என்று வையுங்கள். வாட்ஸ்அப்பில் மட்டும் இருந்தால் கைப்பேசி போகும்போது கூடவே போய்விடும்.

கணினியில் திறந்து கையொப்பப் பகுதியை ஒருமுறை பாருங்கள். யார் பெயர், எந்த நேரம், எந்த அமைப்பின் சான்று என்று இருக்கும். கேள்விக்குறி தெரிந்தால் போலி என்று பதற வேண்டாம். அந்த மென்பொருள் இந்தியச் சான்றை இன்னும் அடையாளம் கண்டுகொள்ளவில்லை என்பதாகவும் இருக்கலாம், அதைச் சரிபார்த்துக் கொள்ளலாம். சிவப்புக் குறி என்றால் கவனியுங்கள், கோப்பில் யாரோ கை வைத்திருக்கலாம்.

வழக்கு என்று வந்தால், மின் ஆவணத்தோடு ஒரு சான்றிதழும் சேர்த்துத் தர வேண்டும். 1.7.2024 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய அதினியத்தின் 63ஆம் பிரிவு அதைக் கூறுகிறது. அதற்கும் அசல் கோப்பு கையில் இருக்க வேண்டும்.

வாடகைதாரரின் ஹக்

இதுவரை வீட்டுக்காரரைக் காப்பதைப் பற்றிப் பேசினோம். வீட்டுக்காரரிடமிருந்து வாடகைதாரரைக் காப்பதையும் பேசாவிட்டால் நம் பேச்சு ஒருதலைப்பட்சமாகிவிடும்.

இ-சைன் லிங்கை அனுப்பிவிட்டு, "பத்து நிமிஷத்துல போடு, இல்லன்னா வேற ஆளுக்குக் கொடுத்துடுவேன்" என்று அவசரப்படுத்தாதீர்கள். படிக்க அவருக்கும் அவகாசம் கொடுங்கள். அவருக்கும் அதே கோப்பு போய்ச் சேர்ந்ததா என்று பாருங்கள். பத்து மாத வாடகையை முன்பணமாகக் கேட்பது பெருநகரங்களில் நெடுநாள் வழக்கம். புதிய சட்டம் சொல்லும் அளவு மூன்று மாத வாடகை. காலி செய்த ஒரு மாதத்திற்குள், உரிய பிடித்தம் போக, அதைத் திருப்பித் தர வேண்டும். முன்பணம் நம்மிடம் இருக்கும் அமானிதம், வருமானம் அல்ல. பெயின்ட் செலவுக்கு ஒரு மாத வாடகையைப் பிடிப்பதாக இருந்தால் அதைக் கையொப்பத்திற்கு முன்பே எழுதுங்கள். எழுதாமல் விட்டுக் கடைசி நாளில் பிடித்தால் அது பிறர் பொருள். தகராறு வந்தால் தண்ணீரையும் மின்சாரத்தையும் நிறுத்துவதைச் சட்டம் தடுக்கிறது. வாடகையை உயர்த்த மூன்று மாதம் முன்பாக எழுத்தில் சொல்ல வேண்டும்.

பெயரைச் சொன்னதும் "வீடு இல்லீங்க" என்று கதவு மூடப்பட்ட அனுபவம் நம் பிள்ளைகள் பலருக்கு உண்டு. அந்த வலி தெரிந்த நாம், நம் வீட்டுக்கு வருபவரை, அவர் எந்தச் சமயத்தவராக இருந்தாலும், அந்த வலிக்கு ஆளாக்கக் கூடாது.

சுருக்கமாக

இவ்வளவும் நினைவில் நிற்காவிட்டாலும் இந்த ஆறு வார்த்தைகளை மனதில் வையுங்கள்: படி, பெயர், ஸ்டாம்ப், கையொப்பம், பதிவு, பத்திரம். படித்துப் பார்த்தோமா? பெயர்கள் ஆதாரில் உள்ளபடி இருக்கின்றனவா? இ-ஸ்டாம்ப் முதலில் சேர்ந்ததா? நம் ஓடிபியை நாமே பதிந்தோமா? 90 நாளுக்குள் வாடகை அதிகாரியிடம் பதிந்தோமா? அசல் கோப்பைப் பத்திரப்படுத்தினோமா? இந்த வரிசையில் சென்றால் இன்ஷா அல்லாஹ் பெரும்பாலான தொல்லைகள் வாசலிலேயே நின்றுவிடும்.

தனியாக இருக்கும் தாய்மார்களுக்கு ஒரு வேண்டுகோள். யாராவது லிங்க் அனுப்பி அவசரப்படுத்தினால், "பள்ளிவாசல் பக்கத்துல இருக்கிற ஆபீஸ்ல காட்டிட்டு வர்றேன்" என்று சொல்லுங்கள். நேர்மையானவர் ஒரு நாள் காத்திருப்பார். காத்திருக்க மறுப்பவருக்கு நம் வீடு வேண்டாம். அலுவலகத்தில் ஒப்பந்தத்தைப் படித்துச் சொல்லவும், இணையத்தில் பதிவு செய்ய உதவவும் நம் இளைஞர்கள் இருக்கிறார்கள். கட்டணம் எதுவும் இல்லை. ஆனால் அவர்களிடமும் ஓடிபியைச் சொல்லாதீர்கள், நீங்களே பதியுங்கள். அவர்களுக்கும் அப்படியே சொல்லி வைத்திருக்கிறோம்.

நம் வருமானத்தை ஹலாலாகவும், நம் வாக்கை உறுதியாகவும், நம்மிடம் உள்ள அமானிதங்களைப் பேணுபவர்களாக நம்மையும் அல்லாஹ் ஆக்கி வைப்பானாக. ஆமீன். வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.